பொதுக் களஞ்சியத்தில் பதிவு மறுக்கப்படுவது ஏன்?

மழையளவுக் கணக்கு, பாடக் குறிப்பு போன்றவற்றைப் பலர் கூடித் திருத்துமிடங்களில், திருத்தங்களின் வரலாற்றைக் காத்துவைக்கக் 'கிட்' என்னும் மென்பொருள் பயன்படுகிறது. 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை உருவாக்கினார். ஒரே லினக்ஸ் கணிப்பொறியிலுள்ள களஞ்சியத்தைப் பலர் உபயோகிக்கும்போது, 'அனுமதி போதாது' என்று ஒருவரின் பதிவு மறுக்கப்படுவதுண்டு. சற்று முன்பு அவரே செய்த பதிவு தடையின்றி ஏறியிருக்கும் என்பதுதான் விந்தை. மனம் சலித்துக் களஞ்சியத்தையே அழித்துப் புதிதாக நகலெடுப்பாருமுளர். மறுப்பினால் திருத்தம் அழிவதில்லை, இச்செயலால் அழிந்துவிடும்.

'அனுமதி' என்றவுடன் மேலதிகாரியின் கையொப்பமே நம் நினைவுக்கு வருகிறது. இங்கே அச்சொல் ஓர் அடைவினுள் எழுதும் உரிமையை மட்டுமே குறிக்கும். பதியப்படும் ஒவ்வொரு பொருளுக்கும், அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு கிட் வழக்கமாக 40 குறிகளாலான அடையாளம் ஒன்றைக் கணிக்கிறது. முதல் இரு குறிகள் சிற்றடைவின் பெயராகவும், எஞ்சிய 38 குறிகள் அதனுள் வைக்கப்படும் கோப்பின் பெயராகவும் அமைகின்றன. இவ்வாறு 'ஆப்ஜெக்ட்ஸ்' என்னும் பேரடைவின்கீழ் 256 சிற்றடைவுகள் வரை தோன்றலாம். ஒரு சிற்றடைவை முதலில் தோற்றுவித்தவரே அதற்கு உடையவர். வழக்கமான அமைப்பில் ஏனையோர் அதனைப் படிக்கலாமேயன்றி எழுதவியலாது. ஆகவே, பேரடைவில் எழுதும் உரிமை எல்லோருக்கும் இருப்பினும், தம் பொருள் புதிய சிற்றடைவில் விழுந்தால் ஏற்கப்படும். பிறர் தோற்றுவித்ததில் விழுந்தால் மறுக்கப்படும்.

அவசரத்தில் சிலர் 'சூடோ' என்னும் ஆணையைச் சேர்த்து, முதன்மைப் பயனராகப் பதிந்துவிடுகின்றனர். அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அப்போது தோன்றிய சிற்றடைவுகள் முதன்மைப் பயனரின் உடைமையாகி, மறுநாள் அவர்களுக்கே தடையாகும். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்னும் எண்ணும் தக்க பரிகாரமன்று. பாதுகாப்பு நீங்குவதோடு, இனித் தோன்றும் அடைவுகளை அது கட்டுப்படுத்தாது.

முதலில் உடையவர் பெயரையும் உரிமைகளையும் காட்டும் 'எல்.எஸ். -எல்' ஆணையால் குற்றமுள்ள அடைவைக் காண்க. பின்னர், கணிப்பொறியை நிர்வகிப்பவர் பணியாளர் அனைவரையும் ஒரு குழுவில் சேர்த்து, களஞ்சியம் முழுவதையும் அக்குழுவின் பெயருக்கு மாற்றி, அடைவுகளில் குழுவுக்கு எழுதும் உரிமை வழங்க வேண்டும். புதிய அடைவுகளும் அதே குழுவைப் பெறுமாறு, 'செட்ஜிட்' என்னும் குறியையும் அடைவுகளுக்கு இடவேண்டும். கிட்டின் 'கோர்.ஷேர்ட்ரெபாசிட்டரி' என்னும் அமைப்புக்குக் 'குரூப்' என்று மதிப்பளித்தால், இனி வருவனவற்றுக்கும் குழுவின் எழுதும் உரிமை தானே அமையும். இவ்வமைப்பு பழைய அடைவுகளைத் திருத்தாது. ஆதலின் முன்கூறியதை விடலாகாது.

2022-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பதிப்புகளில், பிறர் உடைமையான களஞ்சியத்தை ஐயத்துக்குரியதென்று கிட் தொடக்கத்திலேயே மறுப்பதுமுண்டு. அது வேறு, அக்களஞ்சியத்தைத் தம் 'சேஃப்.டைரக்டரி' பட்டியலில் அவரவர் சேர்த்துக்கொண்டால் நீங்கும்.

குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் கணிப்பொறியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும். அதுவரை பழைய மறுப்பே வந்துகொண்டிருக்கும்.