விரல் வலிக்கிறதா? துப்பாக்கியை மாற்றுங்கள்!

1920-ம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியபோது ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வானுக்கு வயது 72. ஒலிம்பிக் விளையாட்டுகளில் பதக்கம் வென்ற மிக மூத்த வீரர் இன்றுவரை அவர்தான். உத்தரப்பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில், பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக்கூடத்துக்குப் போன சந்திரோ தோமர், அறுபதைக் கடந்த வயதில் பிஸ்டலைக் கையில் எடுத்து, மூத்தோர் போட்டிகளில் பதக்கங்களைக் குவித்தார்.

ஓட்டமும் தாவலும் இல்லாத இந்த விளையாட்டில் வயது பெரிய தடையில்லை. தடையாக வந்து நிற்பது மூட்டுவலிதான். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவருக்கு எதைப் பிடித்தாலும் வலி. முடக்குவாதம் வந்தவருக்கு விரல்கள் காலையில் மடங்கவே மறுக்கும். அதற்காகத் துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிட வேண்டுமா?

ஒரு முறை சுடுவதற்குள் எத்தனை வேலைகள் என்று எண்ணிப் பாருங்கள். விசையேற்றுவது, பெல்லட் போடுவது, துப்பாக்கியைத் தூக்குவது, தாங்கிப் பிடிப்பது, குறிபார்ப்பது, டிரிகரை அழுத்துவது. விளையாட்டின் ருசி கடைசி இரண்டில்தான் இருக்கிறது. முதல் நான்கையும் கருவியிடமும் மேசையிடமும் ஒப்படைத்துவிடலாம்.

மடக்கும் வேலை வேண்டாம்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். பத்து கிலோவுக்கு மேல் இழுவிசை கேட்கும் இந்த வேலைதான் மணிக்கட்டையும் தோளையும் படுத்துகிறது. அழுத்தக் காற்றை உருளையில் அடைத்துவைத்திருக்கும் பி.சி.பி. ரகத்துக்கு மாறினால், சிறு நெம்புகோலை விரலால் தள்ளினால் போதும். ஆனால், அந்த உருளையைக் கைப்பம்பால் நிரப்ப உட்கார்ந்தால் பழைய வலி திரும்பிவிடும். கிளப்பில் உள்ள சிலிண்டரிலோ கம்ப்ரஸரிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

4.5 மில்லிமீட்டர் பெல்லட்டைக் கிள்ளி எடுப்பதும் தேய்ந்த விரல்களுக்குத் தண்டனை. பல பெல்லட்டுகளை ஒரேயடியாக அடுக்கிக்கொள்ளும் மேகசின் உள்ள துப்பாக்கி அந்தத் தொல்லையைக் குறைக்கும்.

தாங்கட்டும் மேசை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 60 ஷாட்டுகள். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை அத்தனை முறையும் ஒற்றைக் கையால் தூக்க வேண்டும். பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரு கைகளாலும் பிடிக்கலாம், மணல்மூட்டைமேல் சாய்த்து வைக்கலாம். ரைஃபிளை நின்றபடி ஏந்தினால் முழங்காலும் இடுப்பும் வலிக்கும். உட்கார்ந்து மேசையில் வைத்துச் சுட்டால் எடையே ஆட்டத்தைக் குறைத்து உதவும். பாராலிம்பிக்கின் எஸ்.எச்.2 பிரிவில், துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க முடியாதவர்கள் தாங்கியில் வைத்துத்தான் சுடுகிறார்கள். உலகத் தரப் போட்டியே ஏற்றுக்கொண்ட முறை இது, கூச்சப்பட எதுவுமில்லை.

பிஸ்டலின் பிடி மெலிதாக இருந்தால் கட்டைவிரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். உள்ளங்கையை நிறைக்கும்படி செதுக்கிய மரப்பிடி அந்த அழுத்தத்தைக் கை முழுக்கப் பரப்பிவிடும். டிரிகரை இளக்கிக்கொள்வதும் நல்லதுதான். ஆனால், விரலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்களுக்கு மிக இளகிய டிரிகர் ஆபத்து.

ஒரு கை அறவே ஒத்துழைக்காவிட்டால் மறு கையைப் பழக்கலாம். ஹங்கேரியின் கரோலி தகாச், 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்த பிறகு இடது கையில் பழகி, 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார்.

மருந்தும் நேரமும்

தேய்மானத்தால் வரும் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளரும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கலாம். அதனால் அதிகாலைப் பயிற்சியைப் பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள். கிளம்புமுன் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும் நாளில் ஓய்வுதான் பயிற்சி.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடுதலாகச் சுடுவது, மூட்டு கொடுக்கும் எச்சரிக்கையை அமுக்கிவிடும். அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியவை என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிட்ட நாளில் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர்கள் கை நடுக்கத்தைக் குறைப்பதால், துப்பாக்கி சுடுதலில் எப்போதும் தடைசெய்யப்பட்டவை. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே விலக்கு கேட்க வழி உண்டு.

எத்தனை ஷாட்டுகள் சுடலாம்? மறுநாள் காலையில் மூட்டைக் கேளுங்கள். வலி கூடியிருந்தால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள். குறி நிலைக்கவில்லை என்றால் சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிடு என்பது பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் அடிப்படைப் பாடம். இலக்குக்காகக் கற்ற அந்தப் பொறுமையை மூட்டுகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால், இந்த விளையாட்டில் பல வருடங்கள் நீடிக்கலாம்.