ஹெப்பாரினும் அதன் உரைகல்லும்



கையில் சிறு கீறல் விழுந்தால் குருதி கசிகிறது. சில நிமிடங்களில் உறைந்து காயத்தின் வாயை அடைத்துவிடுகிறது. நம்மைக் காக்கும் இவ்வுறைதலே இரத்தக் குழாயினுள் நிகழுமாயின் உயிருக்கு உலை வைத்துவிடும். அதனைத் தடுக்க மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் மருந்து ஹெப்பாரின்.

1916-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹோவெல் என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஜே மெக்லீன் என்ற மாணவர், உடல் திசுக்களினின்று பிரித்த பொருள்கள் சில குருதியை உறையவிடாது தடுப்பதைக் கண்டார். அவ்வழியே ஆராய்ந்த ஹோவெல் 1918-இல் ஹெப்பாரின் என்னும் பெயரை வழங்கினார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. இன்றோ, இம்மருந்து பெரும்பாலும் பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது.

ஹெப்பாரின் என்பது நீண்டும் குறுகியும் உள்ள பல சர்க்கரைச் சங்கிலிகளின் கூட்டம். அவற்றின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 3,000 முதல் 30,000 வரை வேறுபடும். நம் குருதியிலுள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ள, சங்கிலியில் குறிப்பிட்ட ஐந்து சர்க்கரை அலகுகள் போதும். பத்தாம் உறைகாரணியை அடக்க அவ்வளவே தேவை. த்ராம்பினை அடக்கவோ, குறைந்தது 18 அலகுகள் வேண்டும். ஆதலின் சங்கிலியைத் துண்டித்தால் மருந்தின் இயல்பே மாறுகிறது. ஈனாக்சாபாரின் முதலிய வழிப்பொருள்கள் இவ்வாறு பிறந்தவையே. இத்தகைய பொருள் ஒவ்வொன்றையும், சங்கிலியின் நீளம் யாது, எக்காரணியை எவ்வளவு அடக்குகிறது என்று ஆய்வுச் சாலையில் அளந்தாக வேண்டும்.

அளப்பதில் குறை நேர்ந்தால் விளைவு என்ன? 2007-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஹெப்பாரின் பெற்ற நோயாளிகள் சிலருக்குத் திடீரென இரத்த அழுத்தம் வீழ்ந்தது, மூச்சுத் திணறியது, சிலர் மாண்டனர். அம்மருந்தோ வழக்கமான சோதனைகளில் தேறியிருந்தது! அதில் கலந்திருந்த போலிப்பொருளும் உறைதலை ஓரளவு தடுத்தமையால், உறைதலை மட்டும் அளந்த சோதனை ஏமாந்தது.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் முறை உண்மையை வெளிப்படுத்தியது. ஹெப்பாரினின் அசெட்டைல் தொகுதி நிறமாலையில் 2.04 என்னும் இடத்தில் முகடு காட்டும். ஐயத்துக்குரிய மருந்தோ 2.15-ஐ ஒட்டி மற்றொரு முகடும் காட்டியது. குருத்தெலும்பில் உள்ள காண்ட்ராய்டின் சல்பேட்டின் மீது மிகுதியான சல்பேட்டை ஏற்றிச் செய்த பொருள் அது. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் அது கலந்திருந்தது. அதன் பின்னர், இத்தகைய சோதனைகளை மருந்து நூல்கள் கட்டாயமாக்கின.

உறைதல் தடுக்கும் ஆற்றலைக் குறைத்த ஹெப்பாரின் வழிப்பொருள்கள் மலேரியா போன்ற நோய்களுக்குப் பயன்படுமா என்றும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அவற்றுக்கும் இதே உரைகல்தான். மருந்து வேலை செய்கிறதா என்பதோடு, குப்பியில் இருப்பது யாது என்பதையும் அறிந்த பின்னரே அது நோயாளியின் நாளத்தை அடைதல் வேண்டும்.