வலிக்காமலே கெடும் சிறுநீரகம்



சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் குழுக்களில் பலர் இருக்கிறார்கள். "உடம்புக்கு ஒண்ணும் பண்ணல, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று கூட்டங்களில் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். ஒன்றும் பண்ணாமல் இருந்துகொண்டே உள்ளே கெடுப்பதுதான் இந்த இரண்டு நோய்களின் குணம்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. எல்லாமே மெல்லிய இரத்தக் குழாய்கள். சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அந்தக் குழாய்கள் கெடுகின்றன. பிரஷரும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். டீ வடிகட்டி கிழிந்தால் தூள் இறங்குவது போல, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் நுரைப்பது, கால் முகம் வீங்குவதெல்லாம் பிறகுதான். பாதிக்கு மேல் கெட்ட பிறகும் பலருக்கு எதுவும் தெரிவதில்லை.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. பல வருடம் சுகர் இருந்தவருக்கு அதே மாத்திரையில், அதே சாப்பாட்டில் திடீரென்று சர்க்கரை குறைய ஆரம்பிக்கும். "எனக்கு சுகர் குணமாயிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். பழுதான சிறுநீரகம் இன்சுலினையும் சில மாத்திரைகளையும் சீக்கிரம் வெளியேற்றாது. மருந்து உடம்பிலேயே தங்கி சர்க்கரையை இறக்கிவிடும், மயக்கம்கூட வரும். இப்படி ஆனால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சிறுநீரகம் கெட்டால் உப்பும் நீரும் உடம்பில் தேங்கி பிரஷர் மேலும் ஏறும். அந்தப் பாரம் இதயத்தின் மேல்தான் விழும். சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குவது, குப்பென்று வியர்ப்பது, தாடை, முதுகு வலி, காரணமில்லாத அசதி இருந்தால் "கேஸ்"தானே என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் கட்ட மாத்திரை கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

வருடம் ஒரு தடவையாவது சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வெறும் சுகர் டெஸ்ட் இதைக் காட்டாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையாலேயே நோயின் வேகத்தைக் குறைக்கலாம். முற்றிவிட்டால் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்றாலும், வாரம் 2, 3 தடவை போய்வர பஸ் செலவு, கூட வருகிறவரின் கூலி இதையெல்லாம் யார் தருவார்? அதற்குத்தான் சங்கக் கடன் போகிறது.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு எதிரி. டைக்ளோஃபெனாக், புருஃபென் போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

கடைசியாக உப்பு. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டிலேயே எழுதி வைத்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பும் இந்த 5 கிராமுக்குள்தான் வரவேண்டும்.