கணக்கேட்டில் இல்லாத முதல்

ஒரு கம்பனியின் ஆண்டிறுதிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அக்கம்பனிக்குச் சொந்தமான யாவும் அதில் ஒழுங்காக நிரைப்படுத்தப்பட்டிருக்கக் காணலாம். காணி, கட்டடம், இயந்திரம், வாகனம், களஞ்சியத்திலுள்ள சரக்கு, வங்கியிலுள்ள பணம் என்பன ஒவ்வொன்றும் விலை மதிக்கப்பட்டிருக்கும். மேசை நாற்காலிகளுக்குங்கூடத் தேய்மானம் கணிக்கப்பட்டிருக்கும். ஆனால், இவை அனைத்தையும் பயன்படச் செய்கின்ற ஒரு முதல் அந்தக் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. அங்கு வேலை செய்வோர் பல்லாண்டுகளாகத் தேடிச் சேர்த்த அறிவே அம்முதலாகும். முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் இளைப்பாறும் நாளில் அவருக்கு மாலை சூட்டுகின்றனர், பரிசு வழங்குகின்றனர், பாராட்டுரை நிகழ்த்துகின்றனர். அவர் வாயிலைக் கடந்து செல்லும்போது அவரோடு எவ்வளவு சென்றுவிட்டது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சில மாதங்கள் கழிந்து, ஓர் இயந்திரம் பழுதுபட்டு நிற்கும்போதுதான் அந்த நட்டம் தெரிய வருகின்றது.

இந்நட்டத்தைத் தடுப்பதற்கு எழுந்த முயற்சியே அறிவு முகாமைத்துவம் எனப்படுவது. ஒருவர் அறிந்தது, அதனை வேண்டிநிற்கும் மற்றொருவருக்குத் தக்க வேளையிற் கிடைக்கும்படி செய்தலே அதன் சாரம். சொல்வதற்கு எளிதாகிய இக்காரியம் செய்வதற்கு எளிதன்று. அறிவு இரு வகைப்பட்டதாய் இருப்பதே இதற்குக் காரணம்.

நம் நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையை உதாரணமாகக் கொள்ளலாம். கொழுந்தை எத்தனை மணி நேரம் வாட்டவேண்டும், எவ்வளவு வெப்பத்தில் உலர்த்தவேண்டும் என்பனவற்றை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால், உருட்டிப் பரப்பிய கொழுந்து செப்பு நிறம் பெற்று, அதன் பச்சை வாடை மாறி, நறுமணம் எழுகின்ற அந்தச் சரியான கணத்தை அனுபவம் வாய்ந்த தேயிலைத் தயாரிப்பாளரின் கண்ணும் மூக்குமே அறியும். பனி மூடிய நாளில் ஒரு விதமாகவும், வறண்ட காற்று வீசும் நாளில் வேறு விதமாகவும் அக்கணம் அமையும். இதனை அவரிடமே கேட்டாலும் முழுவதையும் சொற்களில் வடித்துத் தர அவரால் இயலாது. ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அறிஞர் மைக்கல் பொலானி, சொல்லில் அடங்காத இவ்வகை அறிவைப் பற்றி 1966 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலொன்றில் ஆராய்ந்துள்ளார்.

இவ்வேறுபாட்டை உணராத நிருவாகங்கள், கைந்நூல்களை அச்சிட்டும், ஆவணங்களைக் கணனியிற் குவித்தும் தம் கடமை நிறைவேறியதாகக் கருதிவிடுகின்றன. எத்தனை ஆவணங்கள் சேர்ந்தன, எத்தனை வகுப்புகள் நடைபெற்றன என்று எண்ணி அறிக்கையும் தயாரிக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நூல்நிலையத்திலுள்ள நூல்களின் தொகை, அந்நகரத்தாரின் கல்வியை அளந்து காட்டுமா?

அமெரிக்காவின் செறொக்ஸ் கம்பனியில் நிகழ்ந்தது இவ்விஷயத்தில் நல்லதொரு படிப்பினையாகும். பிரதி எடுக்கும் இயந்திரங்களைத் திருத்துவோருக்கு அக்கம்பனி விரிவான கைந்நூல்களை வழங்கியிருந்தது. ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர் 1980களில் அத்தொழிலாளருடன் கூடவே சென்று, அவர்கள் வேலை செய்யும் முறையை நேரிற் கண்டார். கைந்நூலிற் சொல்லப்படாத பழுதுகள் பல அவர்களை எதிர்ப்பட்டன. அவற்றுக்கு அவர்கள் பரிகாரம் கண்ட இடம் உணவு மேசையே. ஒருவர் தாம் சந்தித்த விசித்திரமான பழுதைக் கதையாகச் சொல்ல, மற்றவர்கள் தம் அனுபவத்தைச் சேர்த்துச் சொல்வர். வெளிப் பார்வைக்கு வீண்பேச்சாகத் தோன்றிய அதுவே அவர்களுடைய பாடசாலையாக இருந்தது. தாம் கண்டவற்றை ஓர் 1996 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இந்த உண்மையைத் தழுவி, அக்கம்பனியின் ஆராய்ச்சியாளர் 1990களில் ‘யூரேக்கா’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினர். ‘கண்டுகொண்டேன்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பிரான்சு நாட்டில் முதலிற் பரீட்சிக்கப்பட்ட இவ்வேற்பாட்டின்படி, தொழிலாளர் ஒருவர் தாம் கண்ட பரிகாரத்தைச் சிறு குறிப்பாக எழுதி அனுப்புவார். அதே தொழிலில் அனுபவம் மிக்கோர் அதனைச் சோதித்துச் சரியென உறுதிசெய்வர். பின்னர் எழுதியவரின் பெயருடன் அக்குறிப்பு யாவருக்கும் கிடைக்கும். குறிப்புகளுக்குப் பணம் கொடுப்பது பற்றி ஆலோசிக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் பணத்தை விரும்பவில்லை. தம் பெயர் குறிப்புடன் நிற்பதையே விரும்பினர். தம்மொத்த தொழிலாளரிடையே பெறும் மதிப்பு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறேசில் நாட்டில் ஓயாது பழுதுபட்ட வண்ணப் பிரதி இயந்திரமொன்றை முற்றாக மாற்றிக் கொடுக்கும் நிலை ஏற்பட்டபோது, கனடாவின் மொன்றியல் நகரத் தொழிலாளர் ஒருவர் எழுதிய குறிப்பு கைகொடுத்தது. சில சதம் பெறுமதியான, பியூஸைத் தாங்கும் ஒரு சிறு உறுப்பை மாற்றியதும் பழுது தீர்ந்தது. ஒருவரையொருவர் கண்டறியாத இருவரிடையே அறிவு கடல் கடந்து சென்ற விதம் இது.

எனவே, அளக்க வேண்டியது அறிவின் குவியலை அன்று. அதன் ஓட்டத்தையே அளக்கவேண்டும். இதற்கு நான்கு வினாக்கள் போதுமானவை. உதவி தேடியவர்களுள் எத்தனை பேர் கிடைத்த குறிப்பைக் கொண்டு வேலையை முடித்தனர்? ஒருமுறை திருத்தப்பட்ட தவறு வேறொரு கிளையில் மீண்டும் நிகழ்கின்றதா? புதிதாகச் சேர்ந்தவர் பிறர் துணையின்றி வேலை செய்ய எத்தனை மாதங்கள் செல்கின்றன? ஒரேயொருவர் மாத்திரம் அறிந்த வேலைகள் எத்தனை? இவற்றுக்குரிய விடைகளை ஆண்டுதோறும் ஒப்புநோக்கினால், கம்பனி முன்னேறுகின்றதா, பின்னடைகின்றதா என்பது புலப்படும்.

அளவையே இலக்காக்கிவிடும் தவறையும் தவிர்க்கவேண்டும். மாதந்தோறும் பத்துக் குறிப்புகள் எழுதவேண்டுமெனக் கட்டளையிட்டால், பத்துக் குறிப்புகள் வந்து சேரும். ஆனால் அவற்றுள் நெல்லைவிடப் பதரே மிகுந்திருக்கும். அளவுகோல் இலக்காக மாறும்போது அதன் நம்பகம் குன்றிவிடும் என்பதை ஆங்கிலேயப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

இனி, குறைகளைச் சீர்செய்யும் வழி யாது? இளைப்பாறவிருப்பவருக்கும் அவரிடத்துக்கு வருபவருக்கும் சில மாதங்கள் ஒருங்கே வேலை செய்ய வாய்ப்பளிக்க வேண்டும். சொல்லில் அடங்காத அறிவு அருகிருந்து பழகுவதனாலேயே கைமாறும். பெரிய வேலையொன்று முடிந்ததும், நன்றாய் நடந்தது எது, தவறியது எது என்று கூடி ஆராயவேண்டும். காலங்கடந்த குறிப்புகளை நீக்கவேண்டும்; பழைய குறிப்பை நம்பி ஏமாந்தவர் புதிய குறிப்பையும் நம்பமாட்டார்.

இவை யாவற்றினும் முக்கியமானது அச்சத்தைப் போக்குவதாகும். தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தம் இடம் பறிபோய்விடும் என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். அந்த அச்சம் சிலவேளைகளில் நியாயமானதே. கற்பித்தவரை வேண்டாதவராகக் கருதி ஒதுக்கும் நிருவாகத்தில் அறிவு மறைத்தே வைக்கப்படும். அறிவு முகாமைத்துவம் பற்றிச் சர்வதேச நியம அமைப்பு 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமமும், கருவிகளோடு மாத்திரம் நின்றுவிடாது, தலைமையையும் நிறுவனத்தின் பண்பாட்டையும் வற்புறுத்துகின்றது.

பணம் கொடுத்து இயந்திரத்தை வாங்கலாம், கட்டடத்தை எழுப்பலாம். முப்பது ஆண்டு அனுபவத்தை ஒரு நாளில் விலைக்கு வாங்க இயலாது. அதனை உடையவர் வாயிலைக் கடக்குமுன், அவரிடம் மரியாதையுடன் கேட்டுப் பெறுவதே விவேகமாகும்.