இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்!
கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

தர்மபுரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ என்று வைத்துக் கொள்ளுங்கள். பென்னாகரத்தில் நடந்த கல்யாணப் படங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றின் நகல் "கிளவுட்" என்னும் மேகப் பெட்டியிலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. "மேலேதான் இருக்கிறதே!" என்ற தைரியத்தில் ஸ்டூடியோக்காரர் படங்களை அழிக்கிறார். பிறகு மேலே பார்த்தால், அங்கேயும் காணோம்!

திருடன் யாரும் வரவில்லை. கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. அவ்வளவுதான்!

மேகம் எது?

மேகம் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். அதுவும் கம்ப்யூட்டர்தான். எங்கோ ஒரு பெரிய கட்டிடத்தில் கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது. நம் கம்ப்யூட்டரையும் அதையும் எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு "சிங்க்" என்று பெயர். இங்கே ஒரு வரி எழுதினால் அங்கே ஏறும். அங்கே திருத்தினால் இங்கே மாறும். அழிப்பதும் ஒரு மாற்றம்தானே! அதுவும் போய்ச் சேரும்.

இந்த வசதி பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்க வாலிபர் டுரூ ஹூஸ்டன், பாஸ்டனில் இருந்து நியூயார்க்குக்குப் பஸ் ஏறினார். பைல்கள் இருந்த பென் டிரைவை வீட்டில் மறந்து விட்டார்! அந்த எரிச்சலில் உருவானதுதான் "டிராப்பாக்ஸ்". கம்பெனி தொடங்கியது 2007-ல். "கூகுள் டிரைவ்" 2012-ல் வந்தது.

அப்பாவும் மகனும்

வீட்டுக் கணக்கை அப்பா அரூரில் திருத்துகிறார். அதே நேரத்தில் மகன் ஓசூரில் திருத்துகிறான். அரூரில் இன்டர்நெட் இல்லை. எது செல்லும்? டிராப்பாக்ஸ் இரண்டையும் வைத்துக் கொண்டு, ஒன்றுக்கு "முரண்பட்ட நகல்" என்று பெயர் ஒட்டும். நல்ல புத்தி! அந்தப் பெயரைப் பார்த்தால் உடனே அழித்து விடாதீர்கள். இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள்.

தப்பிக்க வழி

தவறி அழித்து விட்டால் பதற வேண்டாம். கூகுள் டிரைவ் அதைக் குப்பைக் கூடையில் 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் எடுத்து விட வேண்டும். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அழிக்கவே தேவை இல்லை. டிராப்பாக்சிலும் ஒன்டிரைவிலும், பைலை மேலே மட்டும் வைத்துக் கொள்ளத் தனி ஏற்பாடு உண்டு.

பெரிய கம்பெனி என்று முழுதும் நம்பி விடவும் கூடாது. 2023 நவம்பரில், கூகுள் டிரைவைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த சிலருடைய பைல்கள் மறைந்தன. "கணக்கைத் துண்டிக்காதீர்கள்" என்று கூகுள் எச்சரித்தது. மீட்கும் வழியைப் பிறகு வெளியிட்டது.

ஆகவே பத்திரங்கள், கல்யாணப் படங்கள் போன்றவற்றுக்கு மூன்றாவது நகல் வேண்டும். அது சிங்க்கில் சேராத தனி ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும். நகல் எடுத்ததும் வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியபடியே விட்டால், பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டி விடும்!