கேம்பர் வேனில் சோலார்: பேனலைவிட ஒயர் ஏன் முக்கியம்?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கணும். உள்ளே படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், லேப்டாப் மேசை. கூரையில் சோலார் பேனல். அப்படியே கோவாவோ லடாக்கோ கிளம்பிடணும். இந்தக் கனவு உள்ளவர்கள் மணிக்கணக்கில் விலை ஒப்பிடுவது பேனலையும் பேட்டரியையும்தான். ஒயரை மட்டும் 'எலக்ட்ரீஷியன் பாத்துப்பார்' என்று விட்டுவிடுகிறோம். வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?

45 வாட் ஃப்ரிட்ஜ் நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி. லேப்டாப் 5 மணி நேரத்துக்கு 300, ஃபேன் 8 மணி நேரத்துக்கு 200, விளக்குகளுக்கு 40. மொத்தம் 1,080. கரண்ட் பில் மொழியில் சொன்னால் சுமார் ஒரு யூனிட்.

நல்ல வெயில் நாளில் முழு வீச்சுக்கு இணையாக 4.5 மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 300 வாட் பேனல் 1,350 தர வேண்டும். சூடு, தூசி, சாய்வு என்று கால்வாசி போய்விட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,000. இரவுக்குச் சேமிக்க 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும்.

12 வோல்ட்தானே, என்ன ஆபத்து?

ஷாக் அடிக்காது என்பது ஓரளவு உண்மை. ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 1,000 வாட் கெட்டில் வீட்டில் 230 வோல்ட்டில் இழுப்பது 4.3 ஆம்பியர். அதையே வேனில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், பேட்டரி ஒயரில் 83 ஆம்பியருக்கு மேல் பாயும். ஒயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான்.

இன்னொரு கணக்கு. 300 வாட் பேனலின் சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரிக்கு 25 ஆம்பியர் வரை அனுப்பும். இடையே தூரம் 3 மீட்டர், போக வர 6 மீட்டர் ஒயர். வீட்டு பவர் பிளக்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரைப் போட்டால், வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 230 வோல்ட்டில் இது அரை சதவீதம்கூட இல்லை. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 சதவீதம்! பேட்டரி நிறைய நேரம் இழுக்கும், ஒயரும் சுடும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான்.

ஃபியூஸ் எங்கே இருக்கணும்?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃப்ரிட்ஜை அல்ல, ஒயரை. ஓடும் வண்டியின் அதிர்வில் ஒயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், லித்தியம் பேட்டரி நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. தகட்டைத் துளைத்து ஒயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுவதும் இதற்காகத்தான்.

வீட்டு எம்சிபியை இங்கே மாட்டக்கூடாது. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அப்போது தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி இல்லை. பொறி தொடர்ந்து எரியலாம். டிசிக்கென்றே வரும் பிரேக்கர்தான் வேணும்.

எதை முதலில் இணைப்பது?

முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கணும், பிறகுதான் பேனல். கழற்றும்போது பேனலை முதலில் எடுக்கணும். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் இணைத்தால் கன்ட்ரோலர் கெட வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே கூரையில் துளை போடும் முன்பே ஆர்டிஓவிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்கணும்?

மூன்றே கேள்வி: ஒவ்வொரு ஒயரிலும் எத்தனை ஆம்பியர் ஓடும்? அதற்கு எத்தனை ஸ்கொயர் எம்எம் போடுறீங்க? அதன் ஃபியூஸ் எங்கே? மூன்றுக்கும் நம்பரோடு பதில் வரலையா, வேலையைத் தொடங்கவிடாதீர்கள்.