மாடியில் காற்றாடி வைத்தால் வீட்டில் விளக்கு எரியுமா?

மாதவரம் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். லாரிகள் வந்து நிற்கும் குடோன்களின் கூரை மீது, பூசணிக்காய் போன்ற தகர உருண்டைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு மோட்டார் கிடையாது. காற்றுதான் அவற்றைச் சுற்றுகிறது! உள்ளே தேங்கும் சூடான காற்றை வெளியேற்றுவது அவற்றின் வேலை.

"இப்படி ஒன்றை மாடியில் வைத்தால் மின்சாரம் கிடைக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

கிடைக்கும். ஆனால் எவ்வளவு?

பம்பரம் போல!

முப்பந்தலில் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கு மூன்று இறக்கைகள். காற்று திசை மாறினால் அவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பம்பரம் போல நின்றபடி சுற்றும் காற்றாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தத் திக்கிலிருந்து காற்று வந்தாலும் சுற்றும்.

பிளந்த பீப்பாய்

பின்லாந்து நாட்டு என்ஜினீயர் சாவோனியஸ் 1920-களில் ஒரு காற்றாடி செய்தார். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் சற்று விலக்கி, எதிரும் புதிருமாக நிறுத்தியது போல அது இருக்கும். குழிந்த பக்கத்தைக் காற்று பலமாகத் தள்ளும். வளைந்த முதுகில் வழுக்கிப் போய்விடும். அதனால் காற்றாடி சுற்றும். இளங்காற்றே போதும். ஆனால் காற்றின் சக்தியில் 5-ல் 1 பங்கு கிடைத்தாலே பெரிது.

பிரான்சு நாட்டு டாரியு வேறு வழி கண்டார். சிறுமிகள் கயிறு சுற்றிக் குதிக்கும்போது கயிறு வில்லாக வளையுமே, அதுதான் அவருடைய இறக்கையின் வடிவம். இதில் மின்சாரம் அதிகம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் தானாகப் புறப்படாது. முதலில் சுற்றிவிட வேண்டும்! இந்த வகையில் கனடாவில் 110 மீட்டர் உயரத்துக்கு ஒன்றைக் கட்டினார்கள். அது 1993-ல் நின்றுபோயிற்று.

வீட்டுக் கணக்கு

மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பீப்பாய்க் காற்றாடி அதில் சுமார் 9 வாட் தரலாம். ஒரு எல்.இ.டி. பல்பு எரியும். அவ்வளவுதான்!

காற்றின் வேகம் இரட்டிப்பானால் மின்சாரம் 8 மடங்காகும். அதாவது சுமார் 70 வாட். வேகம் பாதியானால் 8-ல் 1 பங்குதான். ஊருக்குள் சுவர்களும் மாடிகளும் காற்றைத் தடுக்கின்றன. அதே அளவுள்ள சூரியத் தகடு, நல்ல உச்சி வெயிலில் சுமார் 200 வாட் தரும்.

ஆகவே, "வீடு முழுவதும் விளக்கு எரியும்" என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்கும் முன், மாடியில் எத்தனை வேகத்தில் காற்று வீசுகிறது என்று பல மாதங்கள் அளந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

குடோன் கூரை உருண்டைக்கு அந்தக் கவலை இல்லை. இருக்கிற காற்றுக்கு ஏற்ற வேலையை அது செய்கிறது!